யார் பார்த்தது?

சென்ற மாதம் ஒரு தொழிற்சாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கே புதிதாக மேற்பார்வையாளர் பதவிக்கு உயர்த்தப்பட்ட முப்பது பேருக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். அதில் ஒரு மணி நேரம், ‘வேலை செய்யும் இடத்தில் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி?’ என்ற விஷயத்தைப் பற்றி நான் பேச வேண்டுமாம்.

கதை எழுதிப் பிழைக்கிறவனை எதற்காக இப்படிப்பட்ட காரியத்துக்கு அழைக்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். நிர்வாக சாஸ்திரம் படித்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கும்போது என்னிடம் என்ன கேட்கப் போகிறார்கள்? அழைத்தவரிடமே கேட்டுவிட்டேன். “அவர்களெல்லாம் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார்கள், ஸார். பையன்கள் தூங்கிவிட்டார்கள். நீங்கள் கதையாவது சொல்லுவீர்கள்” என்றார். உள்ளதை உள்ளபடி சொல்லுகிற மனிதர். ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. என் வாழ்நாளில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஆறு பேர். அவர்களில் ஒருவனுக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சாப்பாட்டுக்கு நடுவில் கை நின்றுவிடுகிறது. தலைமைப் பண்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு காரியத்திலிருந்து தெரிந்துகொண்டதுதான். அதை அந்த முப்பது பேரிடம் சொல்லிவிட்டேன். இனி வாசகர்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சில வருஷங்கள் வேலை பார்த்தேன். அச்சகத்தின் பெயர் வேண்டாம். தினசரி காலண்டர்தான் அங்கே பிரதான வேலை. உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறதே, காலையில் எழுந்ததும் ஒரு தாளைக் கிழித்துப் போடுகிறீர்களே, அதேதான். அந்தச் சின்னத் தாளில் எத்தனை சமாசாரம் இருக்கிறது என்று நீங்கள் என்றாவது நிதானமாகப் பார்த்ததுண்டா? ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சந்திராஷ்டமம், சூலம், பரிகாரம், பண்டிகை, விடுமுறை. ஒரு தாளுக்கு இவ்வளவு என்றால் 365 தாளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஓர் எண் தப்பினால் போதும். ஒரு கல்யாணப் பத்திரிகை தப்பிவிடும்.

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, புது வருஷத்து மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதிலிருந்து ஊர் மூச்சு விடாது. தீபாவளி கழிந்தால் இன்னும் மோசம். நகைக் கடை, ஜவுளிக் கடை, பலசரக்குக் கடை என்று தமிழ்நாட்டுக் கடைகளெல்லாம் டிசம்பருக்குள் தங்கள் பெயர் போட்ட காலண்டர் கைக்கு வந்தாக வேண்டும் என்று நிற்கும். ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு வந்து சேருகிற காலண்டர், பொங்கலுக்குப் பிறகு வந்து சேருகிற கரும்புக்குச் சமானம்.

நான் மெய்ப்புப் பிரிவில் இருந்தேன். 2006-ல் என்னை அந்தப் பிரிவுக்குத் தலைவனாக்கினார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எனக்குக் கீழே நான்கு பேர். தனி மேஜை, அதன் மேல் ஒரு மின்விசிறி, கடைசி மெய்ப்பில் பச்சை மையால் கையெழுத்துப் போடும் அதிகாரம்: இவ்வளவும் ஒரே நாளில் கிடைத்தன. அந்தப் பச்சை மைப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நான் பஜாரில் நடந்த நடையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நால்வரில் மிகவும் இளையவன் ஒரு பையன். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எல்லோரும் அவனைத் ‘தம்பி’ என்போம். அவனுக்கு ஒரு குணம். எதையும் சந்தேகப்படுவான். மெய்ப்புப் படிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய யோக்கியதை கிடையாது. இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை.

ஒரு நாள் அவன், ஒரு தாளில் திதி தவறாக இருக்கிறது என்று சொல்லிப் பிளேட் போடுவதை நிறுத்திவிட்டான். கணித்துக் கொடுத்த பஞ்சாங்கத்தை எடுத்து வந்து பார்த்தால் அச்சில் இருந்ததுதான் சரி. ஒரு மணி நேரம் வீணாயிற்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னார். நான் திரும்பி வந்து, எல்லோரும் கேட்கும்படி, “வாங்க ஜோசியர் ஐயா! பஞ்சாங்கத்தையே திருத்திப் போடலாமா?” என்றேன். அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு ‘ஜோசியர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல ஹாஸ்யம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். மதுரைக் கடைக்காரர் ஒருவர், முகூர்த்த நாள் தாள்களில் மட்டும் தம்முடைய கடையின் வாசகம் ஒன்றைக் கூடுதலாகப் போட வேண்டுமென்று சொல்லி அனுப்பினார். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் அமைத்தார்கள். அவசரத்தில் ஒரு புதன்கிழமைத் தாளை நகல் எடுத்து, தேதியையும் கிழமையையும் மற்றதையும் மாற்றி வெள்ளிக்கிழமைத் தாளாக ஆக்கினார்கள். ராகு காலத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. தாளிலோ புதன்கிழமைக்கு உரிய 12 முதல் 1.30 அப்படியே நின்றது.

திருத்தி வந்த கடைசி மெய்ப்பைப் படிக்க வேண்டியவன் நான். நான் ஒருவன்தான். அன்று சாயங்காலம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு வாரப் பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் தபாலில் சேர்க்காவிட்டால் கெடு தப்பிவிடும். கதாநாயகன், தான் செய்யாத குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகும் உத்தமன். அவனைச் சிறை வாசலில் நிறுத்தி வைத்திருந்த சமயத்தில் மெய்ப்புக்கட்டு வந்தது. மேலோட்டமாகப் புரட்டினேன். பச்சை மையால் கையெழுத்துப் போட்டேன். “தம்பி, பிளேட்டுக்குக் கொண்டு போ” என்றேன்.

அவன் எடுத்துக்கொண்டு போனான். வாசல் வரைக்கும் போய்விட்டு, அங்கேயே நின்று கட்டின் மேலிருந்த தாளைப் பார்த்தான். திரும்பி என் மேஜையண்டை வந்தான்.

“என்ன?” என்றேன், தலையைத் தூக்காமல்.

“ஒண்ணுமில்லை, அண்ணே.”

போய்விட்டான்.

கார்த்திகை மாதக் கடைசியில் முதல் கட்டுகள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரரின் தாயார் தை மாதத்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ராகு காலத்திலே தாலி கட்டச் சொல்லுதே உன் காலண்டர்!” என்று கேட்டாராம். மறுநாள் காலையில் அவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

அந்த ஒரு தாளை மறுபடியும் அச்சிட்டார்கள். பைண்டிங் பகுதிப் பெண்கள் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, ஒவ்வொரு காலண்டரிலும் தப்பான தாளை எடுத்துவிட்டுச் சரியான தாளைச் செருகி ஒட்டினார்கள். இது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, முதலாளி எங்களை அறைக்கு அழைத்தார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மேஜைக்கு முன்னால் நின்றேன். தம்பி கதவோரத்தில் நின்றான்.

முதலாளி சத்தம் போடவில்லை. அந்தத் தாளை மேஜையில் வைத்து, “யார் பார்த்தது?” என்றார்.

இரண்டே வார்த்தை. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு. அது என் தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு நான் சொன்னது வேறு.

“முதல் வாசிப்புத் தம்பி பார்த்தது, ஐயா.”

வாசகர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நான் சொன்னதில் பொய் இல்லை. முதல் வாசிப்பை அவன்தான் பார்த்தான். முதல் மெய்ப்பில் அந்தத் தாள் சரியாகவே இருந்தது. தப்பு அதற்குப் பிறகு, திருத்தத்தில் நுழைந்தது. அதைப் பார்க்க வேண்டியவன் நான். இவ்வளவையும் விழுங்கிவிட்டு, ஓர் உண்மையை மட்டும் பொறுக்கி எடுத்து முன்னால் வைத்தேன். பொய்யே சொல்லாமல் துரோகம் செய்ய முடியும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான். வாய் திறக்கவில்லை. அவனுக்கு அரை மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு, “நீங்களும் கவனமா இருக்கணும்” என்ற புத்திமதியோடு போயிற்று. பொங்கல் கழிந்து அவன் வேலைக்கு வரவில்லை. என் கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. நடுவர்கள் கதாநாயகனின் தியாகத்தைச் சிலாகித்திருந்தார்கள்.

அச்சகத்தில் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நாலு கலர் மிஷின் ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் கூத்து எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே, “மெய்ப்பிலே கையெழுத்து ரெண்டு இருந்துதே, தம்பி?” என்றார். அவ்வளவுதான். பிறகு வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினார்.

அந்த அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமை என்பது என்னவென்று நான் கண்ணால் பார்த்தது அவரிடத்தில்தான். அவருக்குப் பதவி ஒன்றும் கிடையாது. இரண்டு உதவியாட்கள் உண்டு. ஒரு சமயம் மகாலட்சுமி படம் ஓடிக்கொண்டிருந்தது. உதவியாள் ஒருவன் தாளைச் சரியாகத் தட்டி வைக்காததால் கலருக்குக் கலர் பொருந்தாமல், அம்பாளின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விட்டது. நூற்றுக்கணக்கில் தாள் பாழ். முதலாளி வந்து நின்று, அதே கேள்வியைத்தான் கேட்டார்: “யார் பார்த்தது?” அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு, “மிஷின் என் கையிலே இருந்துது, ஐயா. என் கணக்கிலே எழுதிக்கிடுங்க” என்றார். பையன் அங்கேதான் நின்றான். அவன் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

முதலாளி போன பிறகு மிஷினை நிறுத்திவிட்டு அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம். தாளை எப்படி விசிறி விடுவது, எப்படித் தட்டி ஓரம் சேர்ப்பது, எந்தச் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்த வேண்டும் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். இன்னொரு நாள் முருகன் படம் வெகு அழகாக வந்து, பார்க்க வந்த கடைக்காரர் பாராட்டியபோது, “இந்தப் பையன் ஓட்டினது” என்று அவனை முன்னால் தள்ளிவிட்டார்.

அவரை யாரும் தாராள மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு எவனாவது மிஷின் பக்கம் வந்தால் அன்றைக்கு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் கேட்க மாட்டார். உருளையில் துணி சிக்கினால் கை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கோடு அவருக்கு எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது. அதனால் அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவர் கோபத்தைக் கண்டு பயமில்லை. எப்போது வரும் என்று தெரிந்த கோபம்தானே!

வெகு நாள் கழித்து, நமக்கெல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவர் சொன்ன சம்பவத்தைக் கேட்டபோது எனக்கு இந்த அண்ணாச்சியின் ஞாபகம் வந்தது. 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை முதன்முதலாக ஏவினார்கள். திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன்னால் கம்ப்யூட்டர் ‘நிறுத்து’ என்று காட்டியது. நிபுணர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு, அதை மீறி ஏவலாமென்று முடிவு செய்தவர் தாமே என்று கலாம் பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கோளாறு. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

வெளியே பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்போது இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். ‘யார் பார்த்தது?’ என்ற கேள்வி அவருக்கும் வந்தது. ‘திட்ட இயக்குநர் எடுத்த முடிவு’ என்று அவர் சொல்லியிருந்தால் அதில் எள்ளளவும் பொய் இருந்திராது. நான் சொன்னேனே, ‘முதல் வாசிப்புத் தம்பி பார்த்தது’ என்று, அதைவிட நூறு மடங்கு நியாயமான உண்மை. தவான் அந்த உண்மையைத் தொடவில்லை. கலாமைப் பேச விடாமல் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். தோல்வியைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார். தம்முடைய ஆட்களின் மேல் தமக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை ஜயிப்பார்கள் என்றார்.

ஒரு வருஷம் ஆவதற்குள், 1980 ஜூலை 18-ஆம் தேதி, அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. இப்போதும் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தவான் கலாமைப் பார்த்து, “இன்று நீங்கள் பேசுங்கள்” என்று சொல்லிவிட்டார். கலாம் இதைக் கடைசி வரையில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராஷ்டிரபதியாக இருந்த மனிதர், தமக்கு ஒரு காலத்தில் மேலதிகாரியாக இருந்தவர் ஒரு நாள் தம்மை மறைத்துக்கொண்டு நின்றதை மறக்கவில்லை. நமக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் நம்மைப் பற்றி எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்பதை நாம் சாதாரணமாக யோசிப்பதில்லை. நம்முடைய திட்டங்களை அல்ல. இப்படிப்பட்ட ஒரு நாளைத்தான்.

பழியை ஏற்றுக்கொள்வது பெரிய மனசு என்று மட்டும் இதுவரை நினைத்திருந்தேன். அது நல்ல நிர்வாகமும்கூட என்பது படித்தபோதுதான் தெரிந்தது. ஆமி எட்மண்ட்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1990-களில் ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் எந்தக் குழு அதிகத் தவறு செய்கிறது என்று பார்த்தார். நல்ல தலைவியும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம்! குழம்பிப் போய் மேலும் ஆராய்ந்தபோது விஷயம் வெளியாயிற்று. அந்தக் குழுக்களில் தவறு அதிகம் நடக்கவில்லை. நடந்த தவறை வெளியே சொன்னார்கள். மற்றக் குழுக்களில் பயத்தினால் மறைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். “ஒண்ணுமில்லை, அண்ணே” என்ற குரல் காதில் கேட்டது. என் பிரிவில் தவறே நடப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், தவறுகள் என் மேஜை வரைக்கும் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

ஜப்பானில் ஸாகிச்சி டொயோடா என்பவர் தானியங்கித் தறி ஒன்றை 1924-ல் செய்து முடித்தார். ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பாழான துணியை முழம் முழமாக நெய்துகொண்டே போகாது. அவர் குடும்பத்தார் பிற்பாடு மோட்டார் கார்த் தொழிலில் இறங்கியபோது அந்த யோசனையை மனிதர்களுக்கும் கொண்டுவந்தார்கள். கார்கள் வரிசையாக நகர்ந்து வரும் இடத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கடைசித் தொழிலாளிகூட, ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அதை இழுக்கலாம். பிறகு பல இடங்களில் கயிறு போய்ப் பொத்தான் வந்தது, தத்துவம் மாறவில்லை. இழுத்தவுடன் குழுத்தலைவர் அவனிடம் வருவார். சீக்கிரத்தில் சரியாகாவிட்டால் வரிசை நின்றுவிடும். சந்தேகம் வீண் சந்தேகமாக இருந்தாலும் இழுத்ததற்காகத் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த தடவை எவனும் இழுக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். என் பிரிவில் ஒரு பையன் கயிற்றை இழுத்தான். நான் அவனுக்கு ‘ஜோசியர்’ என்று பெயர் வைத்தேன். அவன் இரண்டாவது தடவை இழுக்கவில்லை. மதுரைக் காலண்டரின் கதை இவ்வளவுதான்.

இதெல்லாம் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வர வேண்டிய விஷயமா என்று கேட்பவர்கள் திருக்குறளை எடுத்துப் பார்க்கலாம். அரசனைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இறைமாட்சி அதிகாரத்திலேயே, அவனை யாரும் எளிதில் போய்ப் பார்க்க முடிய வேண்டும், அவன் நாக்கில் கடுமை கூடாது என்று வள்ளுவர் சொல்லிவிடுகிறார். ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு 51-ஆவது அதிகாரம், தேர்ந்தவனிடம் வேலையை ஒப்படைப்பதற்கு 52-ஆவது அதிகாரம் என்று வரிசையும் வைத்திருக்கிறார். நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வேலையைத் தலையில் கட்டிவிட்டு, அது கெட்ட பிறகு ‘இவன் எப்படிப்பட்டவன்?’ என்று ஆராய ஆரம்பிக்கிறோம்.

சிவகாசியை விட்டுச் சென்னைக்கு வந்து, ஒரு பத்திரிகையில் சில காலம் கதைப் பகுதியைக் கவனித்துக்கொண்டேன். எனக்குக் கீழே இரண்டு உதவி ஆசிரியர்கள். ஒரு வாரம் ஒரு கதையின் கடைசிப் பாரா விட்டுப்போய் அச்சாகிவிட்டது. கதாநாயகி உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். ஆசிரியர் என்னை அழைத்து, யார் பக்கத்தைப் பார்த்தது என்று கேட்டார். பார்த்தவர் உதவி ஆசிரியர்தான். “கடைசியில் பார்த்து அனுப்பியவன் நான், ஸார். என் பிசகு” என்றேன். ஆசிரியர் “உம்” என்றார். “அடுத்த வாரம் அந்தப் பாராவைப் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் வெகு நேரம் நின்றேன். இந்த அரை நிமிஷத்துக்குப் பயந்துதானா ஒரு பையனின் அரை மாதச் சம்பளத்தை விற்றேன் என்று தோன்றியது.

2018-ல் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகக் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து, “அண்ணே, தெரியுதா?” என்றார். நன்றாகத் தடித்துப் போயிருந்தார். காதோரம் நரை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. சொந்தமாகச் சின்ன அச்சகம் வைத்திருக்கிறாராம். ஏழு பேர் வேலை பார்க்கிறார்களாம். அவர் வற்புறுத்தி அழைத்துப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். வெகு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சம்பளம் போனது வருத்தம்தான், அண்ணே. அது அந்த மாசத்தோட போச்சு. ‘நான்தான் பார்த்தேன்’னு நீங்க சொல்லியிருந்தா முதலாளி உங்களை ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டார். உங்க மேலே அவருக்கு நல்ல அபிப்பிராயம். அது உங்களுக்கும் தெரியும். பிறகு ஏன் சொல்லலை? அதுதான் எனக்கு ரொம்ப நாள் விளங்கலை.”

எனக்கும் விளங்கவில்லை என்றேன். அது உண்மை. கோழைத்தனத்துக்குக் காரணம் தேடினால் கிடைப்பதில்லை. அது ஒரு பழக்கம். முதல் தடவையே முறிக்காவிட்டால் நிலைத்துவிடும்.

“அன்னிக்கு வாசலில் நின்று திரும்பி வந்தாயே, தாளில் தப்பைப் பார்த்துவிட்டுத்தானே?” என்று கேட்டேன்.

“பார்த்தேன், அண்ணே. சரியாத்தான் பார்க்கிறேனான்னு சந்தேகம். நாம சொல்லி மறுபடியும் தப்பாப் போச்சுன்னா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு…” என்று இழுத்தார். “நானும் அன்னிக்குச் சொல்லியிருக்கணும்” என்றார் பிறகு.

அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொல்லத் தைரியம் இருக்க வேண்டியது அவர் பொறுப்பு அல்ல. தைரியம் இல்லாதவனும் சொல்லக்கூடிய இடமாக அந்த அறையை வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. சம்பளத்தில் கொஞ்சம் கூட்டி, தலைக்கு மேல் மின்விசிறி போட்டுக் கொடுத்தது அதற்காகத்தான்.

இந்தக் கதையைத்தான் தொழிற்சாலையில் அந்த முப்பது பேருக்கும் சொன்னேன். ஒருவரும் தூங்கவில்லை என்று அழைத்தவர் சாட்சி சொல்லுவார். முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். “எல்லாப் பழியையும் நாமே ஏற்றுக்கொண்டால் நம் வேலை போய்விடாதா, ஸார்? எல்லா இடத்திலும் முதலாளி உங்கள் ஆசிரியர் மாதிரி இருப்பாரா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கிவிடுவது வழக்கம். “போகலாம்” என்றேன். “உண்மையைச் சொன்னவனை அனுப்பிவிடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அடுத்தவன் செய்த திருட்டையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்து எதில் இருக்கிறதோ அதற்கு மட்டும் ‘நான்’ என்று சொல்லுங்கள். அதற்கே வேலை போய்விடும் இடமாக இருந்தால், வேறு இடம் தேட ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு வேலை போகவில்லை. அந்தப் பையனுக்குத்தான் போயிற்று. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அவர் திருப்தி அடைந்தாரா என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

கோவில்பட்டியிலிருந்து வருஷா வருஷம் எனக்கு ஒரு தினசரி காலண்டர் வருகிறது. எங்கள் வீட்டில் காலையில் தாள் கிழிக்கும் வேலை என்னுடையது. எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் அந்த வரியைப் படித்துவிடுகிறேன். இதுவரையில் 10.30 முதல் 12 என்றே இருக்கிறது. யாரோ ஒழுங்காகப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் அவர்கள் சொல்லுகிறார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.